பிறர் ஏட்டில் நம் பெயர்

சொந்த ஊரில் ஒருவர் புதிதாகத் தொழில் தொடங்கினால் அவரைப் பற்றி எடுத்துச் சொல்வதற்கு ஆயிரம் வாய்கள் உண்டு. 'இன்னாருடைய பேரன்', 'இன்ன பள்ளிக்கூடத்தில் படித்த பையன்', 'தகப்பனார் கைராசிக்காரர், பிள்ளைக்கும் அது இருக்கும்' என்று கோயில் வாசலிலும் கடைத்தெருவிலும் பேச்சு நடக்கும். அப்பேச்சிலே பாதி உண்மையும் பாதி அன்பும் கலந்திருக்கலாம். ஆயினும் தொழில் நடந்துவிடும். தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் நாகபுரிக்கும் பிழைப்பை நாடி வந்துவிட்ட நமக்கு இந்த வசதி கிடையாது. இங்கே நம் பாட்டனாரை அறிந்தவர் எவருமிலர். நாம் படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னால் அதைப் பிழையின்றி உச்சரிக்கக் கூடியவர் அலுவலகத்தில் இருவரோ மூவரோதாம். வேலையை நேர்மையுடன் செய்கிறோம், மேலதிகாரி மகிழ்கிறார், அவர் மாற்றலாகிப் போகும்போது அம்மகிழ்ச்சியும் அவருடைய மூட்டை முடிச்சுகளோடு போய்விடுகிறது.

'சிபாரிசுக்கு ஆளில்லாத ஊரில் நம் பிள்ளைகள் எவ்வாறு முன்னுக்கு வருவார்கள்?' என்பது சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்தும் வேளையில் நம் காதில் அடிக்கடி விழும் கேள்வி. இதற்கு அவரவர் அனுபவத்திற்கேற்ப அன்பர்கள் பல விடைகள் கூறுவர். நாம் இங்கே எடுத்துக் கொள்வது அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று. தாம் நன்கறிந்த தொழிலைப் பற்றித் தெளிவாக எழுதி, அவ்வெழுத்தைத் தமக்கு உடைமையல்லாத, தம் துறையினர் மதித்துப் படிக்கின்ற ஏடொன்றில் வெளிவரச் செய்தலே அது. கேட்பதற்கு எளிய காரியமாகத் தோன்றும். ஆனால் இவ்வழியிலே நடந்துதான், நம்மைப் போலவே உத்தியோகத்தின் பொருட்டு வெளிமாநிலம் போந்த ஒரு தமிழர், உறவும் சிபாரிசும் இல்லாத மாநகரில் யாவரும் அறிந்த பேராசிரியரானார். அவர் வரலாற்றைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

1907-ஆம் ஆண்டு நடுவில் சந்திரசேகர வேங்கட ராமன் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது கூட நிறையவில்லை. பிறந்தது திருச்சிராப்பள்ளியை அடுத்து. வளர்ந்தது தந்தையார் ஆசிரியராக இருந்த விசாகப்பட்டினத்தில். பட்டம் பெற்றது சென்னை மாநிலக் கல்லூரியில். கல்கத்தாவில் அவருக்கிருந்த அறிமுகம் அலுவலகத்து அறிமுகமே. ஆனால் அவர் வெறுங்கையோடு அந்நகருக்கு வரவில்லை. கல்லூரி மாணவராக இருக்கும்போதே ஒளி விலகிப் பரவும் விதம் பற்றித் தாம் செய்த சோதனையொன்றை எழுதி, லண்டனிலிருந்து வெளிவந்த 'பிலசாபிகல் மாகசின்' என்ற விஞ்ஞான ஏட்டிற்கு அனுப்பியிருந்தார். அது 1906 நவம்பரில் அச்சாயிற்று. அவ்வேட்டில் எழுதுபவர்கள் பெரும்பாலும் முதிர்ந்த அறிஞர்கள். ஆகவே, அதன் வாயிலாக இவரை அறிந்து கடிதம் எழுதிய ராலே பிரபு, பதினெட்டு வயது மாணவரைப் 'பேராசிரியர்' என்று விளித்து எழுதினாரென்று ராமனின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். ஏட்டில் ஒருவருடைய வயது அச்சாவதில்லை. சாதியும் அச்சாவதில்லை. எழுதியது மட்டுமே படிப்பவர் முன் நிற்கிறது. வெளியூரில் வாழ்வோர்க்கு இதனினும் பெரிய சௌகரியம் வேறென்ன வேண்டும்?

கல்கத்தாவில் டிராமில் போய்க்கொண்டிருந்த ராமன், பௌபஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தில் 'இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம்' என்ற பலகையைக் கண்டார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தோற்றுவித்த கழகம் அது. கருவிகள் இருந்தன, இடம் இருந்தது, ஆராய்ச்சி செய்வாரைத்தான் காணோம். கதவைத் திறந்துவிட்டவர் ஆஷு பாபு என்னும் அசுதோஷ் தே. நிறுவனரின் புதல்வர் அமிர்தலால் சர்க்கார் இளைஞரை அன்புடன் வரவேற்றார். அன்று முதல் ராமனின் நாள், விடியற்காலை கழகத்தில் தொடங்கி, பகல் முழுவதும் கணக்கு அலுவலகத்தில் கழிந்து, இரவு மீண்டும் கழகத்திலேயே முடிந்தது. அவருடைய துணைவியார் லோகசுந்தரி அம்மையார் அவ்வாண்டுகளில் எத்தனை இரவு சோற்றை மூடிவைத்துக் காத்திருந்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பை நம் வாசகிகளுக்கே விட்டுவிடுகிறோம்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அவர் ஆராய்ந்ததை அவ்வப்போதே எழுதி வெளியிட்ட ஒழுங்கு. கல்கத்தாவுக்கு வந்த அதே 1907-ஆம் ஆண்டிலேயே 'நேச்சர்' ஏட்டில் அவருடைய குறிப்பொன்று வெளியாயிற்று. 1909-இல் இரங்கூனுக்கும், 1910-இல் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது; 1911-இல் மறுபடியும் கல்கத்தா. மாற்றல் என்றால் என்னவென்பது நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அலைச்சலுக்கிடையிலும், முழுநேர அரசாங்க உத்தியோகத்திலிருந்த பத்தாண்டுகளில் நேச்சர், பிலசாபிகல் மாகசின், அமெரிக்காவின் பிசிகல் ரெவ்யூ ஆகிய ஏடுகளில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவர் வெளியிட்டார். அவற்றுள் பல, பக்க அளவில் மிகச் சிறியவை. பெரிய நூலொன்றை எழுதி முடித்த பிறகுதான் உலகத்தின் முன் நிற்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

இதனை வேறொருவர் படித்துக்கொண்டே இருந்தார். அவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் பல்கலைக் கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய சர் அசுதோஷ் முகர்ஜி. அவரே மாணவப் பருவத்தில் கேம்பிரிட்ஜின் கணித ஏடொன்றில் எழுதிப் பெயர் பெற்றவர். எழுத்தின் வழியாக மேலே வந்தவர் எழுத்தின் வழியாக மற்றொருவரை அடையாளம் கண்டுகொண்டதில் வியப்பில்லை. இயற்பியலுக்கெனப் புதிதாக ஏற்பட்ட பாலித் பேராசிரியர் பதவிக்கு ராமனை அவர் அழைத்தார். அப்பதவி வகிப்போர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்று ஒரு விதி இருந்தது. ராமன் போக மறுத்தார், விதி தளர்ந்தது. 1917-இல் நல்ல சம்பளமுள்ள அரசாங்க வேலையை உதறி, ஏறக்குறைய அதிற் பாதி வருவாயுள்ள பேராசிரியர் பதவியை அவர் ஏற்றார். (சம்பளத்தைப் பற்றிய இப்பகுதியை இல்லத்தில் உரக்கப் படிப்பது உசிதமா என்பதை அன்பர்களே தீர்மானித்துக் கொள்க.) ஒரு வங்காளிக்குக் கிடைக்கக் கூடிய இடம் ஒரு தமிழருக்கு எப்படிக் கிடைத்தது என்று அந்நாளில் கேட்டவர்களும் இருந்திருப்பர். அவர்களுக்குக் காட்டுவதற்குப் பத்தாண்டு ஏடுகள் இருந்தன.

எழுதுவதில் காலம் தாழ்த்தலாகாது என்பதற்கும் அவர் வாழ்விலேயே சான்று உண்டு. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், ராமனும், வத்திராயிருப்பிலிருந்து கல்கத்தாவுக்கு வந்திருந்த கே. எஸ். கிருஷ்ணனும் உழைத்த ஆராய்ச்சி கனிந்தது. மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில் ராமன் அதைப் பற்றி உரை நிகழ்த்தினார். அம்மாதம் முடிவதற்குள் அவ்வுரை இந்திய இயற்பியல் ஏட்டில் அச்சாகி, தனிப்படிகள் உலகெங்குமுள்ள அறிஞர்களுக்குத் தபாலில் புறப்பட்டுவிட்டன. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்னும் இருவர் ஏறத்தாழ அதே நாட்களில், ஒரு வாரம் முன்னதாகவே என்றும் கூறுவர், படிகக்கல்லில் அதே விளைவைக் கண்டிருந்தனர். ஆனால் அவர்கள் கட்டுரை வெளிவந்தது பல வாரங்கள் கழித்து. 1930-இல் நோபல் பரிசு யாருக்குக் கிடைத்தது என்பதை நாம் அறிவோம்.

கதவைத் திறந்துவிட்ட ஆஷு பாபுவையும் மறக்கலாகாது. கல்லூரிப் படியே ஏறாத அவர், ராமனின் சோதனைகளுக்கு வலக்கையாக இருந்தவர். அவருடைய பெயரை மட்டும் ஆசிரியராகத் தாங்கிய கட்டுரையொன்று லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியாகியிருக்கிறது. தமக்குக் கீழே உழைப்பவரின் எழுத்திலே தம் பெயரைச் செருகிக்கொள்ளும் பழக்கம் எத்தனையோ அலுவலகங்களில் உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் சொல்லப் போவதில்லை. ஆஷு பாபுவின் கட்டுரையை நினைவூட்டுவதே போதுமானது.

பிறருடைய ஏட்டில் எழுதுவதென்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தாமே அச்சிட்டு, தாமே விநியோகிக்கும் துண்டு நூலில் நம்மைப் பற்றி நாமே சொல்லிக் கொள்கிறோம். கேட்பவர் அதற்குத் தக்கபடிதான் நம்புவார். மற்றொருவருடைய ஏட்டிலோ, நம்மைச் சற்றும் அறியாத ஆசிரியர் ஒருவர் படித்து, சோதித்து, குறை கண்டு, திருத்தி, இதைத் தம் வாசகர் முன் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். ஊரில் பாட்டனாரின் பெயர் செய்த வேலையை இங்கே அந்த ஆசிரியரின் முடிவு செய்கிறது.

ஆசிரியர் செய்யும் உபகாரம் அம்மட்டோடு நிற்பதுமில்லை. கணித மேதை ராமானுஜன் வாழ்வில் இதைக் காணலாம். எஃப். ஏ. பரீட்சையில் தேறாமல், வேலையுமின்றி அலைந்த அவர், டிப்டி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். அவருக்கும் 'பேராசிரியர்' என்ற செல்லப் பெயர் உண்டு. மாணவராக இருக்கையில் இங்கிலாந்தின் 'எஜுகேஷனல் டைம்ஸ்' ஏட்டுக்கு அவர் எழுதி வந்ததைக் கண்டு, அங்குள்ளவர்கள் அவரைக் கல்லூரிப் பேராசிரியரென்றே கருதிவிட்டதால் வந்த பெயராம். (தமிழர்களை இங்கிலாந்திலுள்ளோர் பேராசிரியர்களாக்கிவிடுவது அக்காலத்தில் வழக்கமாகவே இருந்திருக்கிறது!)

அக்கழகத்தின் ஏட்டில் 1911-ஆம் ஆண்டு ராமானுஜன் ஒரு கேள்வி விடுத்தார். வர்க்கமூலத்தினுள் வர்க்கமூலமாக, முடிவே இல்லாமல் அடுக்கிக்கொண்டே செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பது அது. ஆறு மாதத்திற்கு மேலாகியும் வாசகர் ஒருவரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே விடையை வெளியிட்டார்: வெறும் மூன்று! கேள்வி பதில் பகுதிதானே என்று அவர் அதை இகழவில்லை. பின்னாளில் கேம்பிரிட்ஜுக்குச் சென்ற பிறகும் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்ட கேள்விகளை அவ்வேட்டுக்கு அளித்திருக்கிறார். தம் துறை ஏட்டிலே நீண்ட கட்டுரை எழுத அஞ்சுகின்ற இளைஞர்கள், அதே ஏட்டின் கேள்விப் பகுதியிலோ கடிதப் பகுதியிலோ தொடங்குவது எவ்வளவு தக்க காரியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே ஆண்டு பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் நீண்ட கட்டுரையும் வெளிவந்தது. எளிதில் வெளிவந்துவிடவில்லை. ஏட்டின் ஆசிரியராகப் பெங்களூரில் இருந்த எம். டி. நாராயண ஐயங்கார் அதைப் பலமுறை திருப்பியனுப்பித் திருத்தி எழுதச் செய்தார். ராமானுஜனுடைய முறைகள் புதுமையானவை, ஆனால் சுருக்கம் மிகுந்து தெளிவு குறைந்தவை, சாதாரண வாசகரால் பின்தொடர இயலாதவை என்பது அவருடைய கருத்து. மேதையைத் திருத்த இவர் யார் என்று நமக்கு இன்று கோபம் வரலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. தம் உள்ளத்தில் மின்னலாய்த் தோன்றியதைப் பிறர் ஏறிவரும் படிகளாக அமைத்துக் காட்டும் வித்தையை ராமானுஜனுக்கு முதலில் கற்பித்தவர் அந்த ஆசிரியரே. கேம்பிரிட்ஜின் ஹார்டி பின்னால் 'நிரூபணம் எங்கே?' என்று கேட்டதும் இதே காரியத்தைத்தான்.

1912 மார்ச்சு முதல் தேதி, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் சென்னைத் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கு அவருக்கு மேலே இருந்த எஸ். நாராயண ஐயர் அதே கணிதக் கழகத்தின் பொருளாளர். ஏட்டில் எழுதிய இளைஞரின் பெருமையை அவர் அறிவார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கும் அதை எடுத்துரைத்தார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குச் சென்ற கடிதமும், அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக் கழகம் அளித்த மாதம் 75 ரூபாய் உதவித் தொகையும் பின்னர் வந்தவை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தையே உலகம் கொண்டாடுகிறது. அதற்கு முன்பு இரண்டாண்டுக் காலம் ஒரு சிறிய உள்நாட்டு ஏடு செய்த பணியை நாம் மறந்துவிடுகிறோம். அந்த ஏடு இல்லாவிடின் அக்குமாஸ்தாவின் மேசையில் இருந்தவை கணக்குப் புத்தகங்கள் மட்டுமே என்று அலுவலகத்தார் எண்ணியிருக்கக் கூடும்.

விஞ்ஞானிகளும் மேதைகளும் இருக்கட்டும், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக ஒரு தபால் அதிகாரியைக் காட்டுவோம். வி. கனகசபைப் பிள்ளை தபால் இலாகாவில் சூபரிண்டெண்டாக இருந்தவர். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் பழந்தமிழ் ஏடுகளை ஆராய்ந்து, 1895 முதல் 1901 வரை 'மதராஸ் ரெவ்யூ' என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அவையே 1904-இல் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்' என்ற பொருள்பட்ட ஆங்கில நூலாயின. ஈராண்டிலே அவர் மறைந்தார். ஆயினும் சங்ககாலத் தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகுந்த எவரும் பின்னர் அந்நூலைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. அவர் சரித்திரப் பேராசிரியர் பதவி வகித்தவரல்லர். சரித்திரக்காரர் என்ற பெயரைப் பத்திரிகையொன்று அவருக்குத் தேடித் தந்தது.

பட்டம் மறுக்கப்பட்ட இடத்திலும் அச்சேறிய எழுத்து நின்று பேசியதுண்டு. திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்த அன்னா மாணி அம்மையார், பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்கள் ஒளிரும் தன்மையை ஆராய்ந்து, 1942-க்கும் 1945-க்கும் இடையே தம் பெயரில் மட்டுமே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். எம். எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணங் கூறிச் சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளிக்க மறுத்துவிட்டது. கட்டுரைகளை யாரும் மறுக்க இயலவில்லை. அம்மையார் பின்னர் வானிலைத் துறையில் சேர்ந்து, இந்நாட்டின் சூரிய ஒளியை அளந்து அவர் தொகுத்த நூல்களைப் பொறியாளர்கள் கையேடாகக் கொள்ளுமளவுக்கு உயர்ந்தார். கணவருடைய மாற்றலின் பொருட்டு ஊர் ஊராகச் சென்று, ஒவ்வோர் ஊரிலும் தம் வேலையைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும் நம் சகோதரிகள், அதாவது ஆசிரியைகள், தாதியர், கணக்காயர்கள், இதனைச் சிந்திக்க வேண்டும். பதவி ஊரோடு நின்றுவிடும். எழுதிய கட்டுரை எந்த ஊருக்கும் பெட்டியில் வரும்.

தொழில்களுள் சிலவற்றுக்கு இவ்வழியை விட்டால் வேறு வழி குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் விளம்பரம் செய்வதையும், தாம் நடத்தும் வழக்கை ஒட்டிப் பத்திரிகையில் பெயரும் படமும் வரச் செய்வதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடுக்கின்றன. கணக்காயர்களுக்கும் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாடுகள் உண்டு. மருத்துவருக்கு 2002-ஆம் ஆண்டில் வகுத்த நெறிமுறை, நோயாளிகளைத் தம்பால் ஈர்க்கும் வண்ணம் பொதுப் பத்திரிகையில் எழுதுவதைக் கண்டிக்கிறது. ஆனால் பொதுச் சுகாதாரம், நல்வாழ்வு ஆகியவை பற்றித் தம் பெயரிட்டு எழுதுவதை அனுமதிக்கிறது. இவர்கள் தெருவெங்கும் பலகை மாட்ட முடியாது. தம் துறை ஏட்டில், சட்டத்தின் ஒரு புதிய பிரிவையோ வரிக் கணக்கின் ஒரு சிக்கலையோ விளக்கி எழுதலாம். கணக்காயர் நிறுவனம் 1952 முதல் தன் ஏட்டை நடத்தி வருகிறது. பொறியாளர்களுக்கும் மருத்துவர்க்கும் அவரவர் சங்கங்களின் ஏடுகள் உள்ளன. 1932-இல் பெங்களூரில் தொடங்கிய 'கரண்ட் சயன்ஸ்' எல்லா விஞ்ஞானத் துறையினர்க்கும் பொதுவானது.

எழுதுவோருக்குச் சில குறிப்புகள் கூறுவோம். எந்த ஏட்டுக்கு எழுத விரும்புகிறோமோ, அதன் முந்தைய ஆறு இதழ்களையாவது ஊன்றிப் படிக்க வேண்டும். அவ்வேட்டின் வாசகர் எதை முன்பே அறிந்திருக்கிறார், எதை அறிய விரும்புகிறார் என்பது அதனால் புலப்படும். முதலில் எழுதும் பொருள் சிறியதாக இருக்கட்டும். 'இந்தியப் பொறியியலின் எதிர்காலம்' என்று தலைப்பிட்டுத் தொடங்கும் இளைஞரைக் காட்டிலும், மழைக்காலத்தில் தம் ஆலையின் குழாய்களில் துரு ஏறியதையும் அதைத் தடுக்கத் தாம் செய்த மூன்று முயற்சிகளில் இரண்டு பயன்படாது போனதையும் எழுதும் இளைஞரை நாம் அதிகம் மதிப்போம். எந்த ஆசிரியரும் அவ்வாறே மதிப்பார். பயன்படாத முயற்சியை மறைத்துவிட வேண்டாம். படிப்பவருக்கு அதுவும் சம அளவு பயன் தரும்.

ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு ஏடுகளுக்கு அனுப்புதல் முறையன்று. திரும்பி வந்தால் மனம் கலங்காமல் திருத்தி மற்றோர் ஏட்டுக்கு அனுப்பலாம். பிறர் கூறியதை எடுத்தாண்டால் அவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும். இந்நாளில் கணிப்பொறியே கட்டுரை எழுதித் தருகிறதென்று சிலர் மகிழ்கின்றனர். அதில் பிழை இருந்தால் கணிப்பொறியை யாரும் கேட்கப் போவதில்லை, கீழே பெயரிட்டவரைத்தான் கேட்பர். அன்றியும், தாம் செய்து பார்த்த வேலையின் மணம் அவ்வெழுத்தில் இராது. அந்த மணத்தை நாடித்தான் ஆசிரியர்கள் புதிய எழுத்தாளரைத் தேடுகிறார்கள்.

பணம் செலுத்தினால் ஒரே வாரத்தில் அச்சிட்டுத் தருகிறோம் என்று அழைக்கும் ஏடுகள் பெருகிவிட்டன. உயர்ந்த ஏடுகளிலும் சில, செலவுக்கெனக் கட்டணம் பெறுவதுண்டு. ஆகவே கட்டணத்தை மட்டும் கொண்டு தீர்மானிக்கலாகாது. துறையறிந்தவர்கள் கட்டுரையைப் படித்து ஆட்சேபம் எழுப்புகிறார்களா, அல்லது வந்த மறுநாளே 'மிகச் சிறந்த கட்டுரை' என்று பாராட்டி ரசீது அனுப்புகிறார்களா என்று பார்க்க வேண்டும். அனுப்பியதையெல்லாம் ஏற்கும் ஏட்டில் நம் பெயர் வருவதால் லாபம் ஏதுமில்லை; பின்னால் ஒரு நேர்முகத் தேர்வில் அந்த ஏட்டின் பெயரைக் கேட்டுத் தேர்வாளர் புன்னகை புரியும்போது நட்டமே ஏற்படும். பெற்றோர்கள் இதில் எச்சரிக்கையாக இருப்பது நலம். ஆயிரக்கணக்கில் பணம் கட்டியிருக்கும் பிள்ளைகளை நாம் அறிவோம்.

அரசாங்க உத்தியோகத்தில் இருப்போர் 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளை ஒருமுறை படித்துவிடுவது அவசியம். எழுதுவோர் தாம் கூறுவது தமது சொந்தக் கருத்தே, அரசாங்கத்தின் கருத்தன்று என்பதைத் தெளிவாக்க வேண்டும். அரசாங்கக் கொள்கையைக் கண்டித்து எழுதுவதும், அலுவல் வழியாகக் கிடைத்த தகவலை அனுமதியின்றி வெளியிடுவதும் குற்றமாகும். தனியார் நிறுவனத்தில் உள்ளோரும், வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பார்க்கட்டும். நிறுவனத்தின் இரகசியம் கட்டுரையில் நுழைந்துவிட்டால் பெயருக்குப் பதிலாக வேறொன்று வந்து சேரும். ஐயமிருந்தால் அனுப்புமுன் மேலதிகாரிக்கு ஒரு படி காட்டிவிடலாம். மேலதிகாரிகளுள் பெரும்பாலோர் இதனை மரியாதையாகவே கொள்வர்.

உரிமை பற்றியும் அறிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஏட்டின் சம்பளக்காரராக அல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவரே தம் கட்டுரையின் முதல் உரிமையாளர். எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தாலன்றி அவ்வுரிமை ஏட்டுக்குப் போகாது. மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். பிற்காலத்தில் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க நினைப்போர், ஏட்டின் படிவத்தில் கையெழுத்திடுமுன் இதை மனத்திற் கொள்க.

ஆங்கிலம் சரளமாக வராதே என்ற கவலை பலருக்கு உண்டு. தொழில் ஏடுகளுக்கு வேண்டியது அலங்காரமன்று. சின்னஞ்சிறு வாக்கியங்களும் சரியான எண்களுமே. இலக்கண வழுவை ஆசிரியர் திருத்திவிடுவார். எண் தவறினால் அவரால் திருத்த இயலாது. தமிழிலேயே எழுதிப் பழகிக் கொள்வதும் வீண் முயற்சியாகாது. எழுத்தாளர் நாஞ்சில் நாடன் 1970-களில் தம் ஊரைவிட்டுப் பம்பாய்க்கு வந்து நிறுவனமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே எழுதப் பழகியதில், பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் 'ஏடு' என்ற மாத இதழுக்குப் பங்கு உண்டு. அவருடைய முதற் சிறுகதை 1975-இல் 'தீபம்' இதழில் வெளியாயிற்று. 2010-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். சங்கப் பத்திரிகைதானே என்று நம் அன்பர்கள் இனியேனும் அலட்சியம் செய்யாதிருக்க இதனைக் குறிப்பிட்டோம்!

ஆதலின் ஒரு வேண்டுகோள். தத்தம் தொழில் ஏடுகளில் எழுதியிருக்கும் உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும், அக்கட்டுரையின் படியொன்றைச் சங்க நூலகத்திற்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். அதன் சாரத்தை, அத்துறை அறியாத நம் தாய்மார்களும் விளங்கிக் கொள்ளும் வண்ணம் தமிழில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி உடன் அனுப்பினால், இவ்விதழில் வெளியிடுவோம். இதுவரை எழுதாதவர்கள் தம் தொழிலில் அண்மையில் எதிர்ப்பட்ட ஒரு சிக்கலையும் அதைத் தீர்த்த விதத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பலாம். திருத்தம் வேண்டியிருப்பின் நாராயண ஐயங்காரைப் போல் திருப்பியனுப்புவோம். எழுதியவர் ராமானுஜனைப் போல் மீண்டும் அனுப்ப வேண்டும்.